கவனிப்புக்குக் காசு

வீட்டில் அவளைப் பூதக்கண்ணாடி என்றுதான் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்வதாக அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அது எப்போதோ தெரியும். அவளுக்குத் தெரியாமல் அந்தக் குடும்பத்தில் யாரும் தும்மக்கூட முடியாது. பார்க்கிற வேலை அப்படி. மருந்துக் கிடங்கில் வந்து இறங்கும் பெட்டிகளையும், விற்காமல் திரும்பி வரும் பெட்டிகளையும் சரிபார்ப்பது அவள் உத்தியோகம். நசுங்கிய பெட்டியைக் கண்டு அவள் பதற மாட்டாள். வண்டியில் வந்தால் நசுங்கத்தான் செய்யும். மூலை மடங்காமல், ஒட்டுநாடா கொஞ்சமும் கோணாமல், போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நிற்கும் பெட்டியைத்தான் முதலில் பிரிப்பாள். அவ்வளவு நேர்த்தியாக இருந்தால் யாரோ ஏற்கெனவே பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் அவள் சொன்னது சரியாக இருக்கும். சரியாக இல்லாத நாட்களில் அவள் மன்னிப்புக் கேட்டதாகச் சரித்திரம் இல்லை.

கிடங்கில் இந்தக் குணத்துக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வீட்டில் கிடைத்தது வேறு. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் தங்கை புது வாடகை வீட்டுக்குக் குடிபோனபோது, தங்கையின் மாமியார் ஆசையாக ஒரு பிஸ்கட் டப்பா வாங்கி வந்திருந்தார். எல்லாரும் ஆளுக்கு ஒன்று எடுக்கிற நேரத்தில் பூதக்கண்ணாடி டப்பாவைத் தலைகீழாகத் திருப்பித் தேதி பார்த்தாள். பார்த்ததோடு விட்டிருக்கலாம். சத்தமாக வாசித்தாள். தேதி தாண்டியிருந்தது என்பதுதான் வினையே; தாண்டாமல் இருந்திருந்தால் சிரித்து முடித்திருப்பார்கள். மாமியார் முகத்தில் ஈயாடவில்லை. தங்கை அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை. போன் பண்ணினால் கை வேலையாக இருக்கிறேன் என்பாள். வீட்டுக்கு வருகிறேன் என்றால் நாங்கள் வெளியில் கிளம்புகிறோம் என்பாள். கூடப் பிறந்தவள் ஒரே ஒருத்தி. அவளும் இப்படி ஒதுங்கிப் போனதில் பூதக்கண்ணாடிக்கு உள்ளுக்குள் நொறுங்கிப் போயிற்று. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே, தங்கை தானாகக் கூப்பிட்டு, கல்யாண நாளுக்கு வெளியில் சாப்பிடப் போகிறோம், நீயும் வா என்று சொன்னபோது அவளுக்கு முதலில் சந்தோஷம் தாங்கவில்லை. அது அடங்கியதும் சந்தேகம் வந்தது. திடீரென்று எதற்கு? யாருக்காவது உடம்பு சரியில்லையா? கைமாற்று கேட்கப் போகிறார்களா? பூதக்கண்ணாடியின் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். அன்றைக்கு அவருக்கு டியூட்டி. சட்டையை மாட்டிக்கொண்டே அவர் சொன்னது ஒன்றுதான்: "சோத்தைப் பாரு. தேதியைப் பாக்காதே."

அவளுக்கே தெரியும். இன்றைக்கும் வாயைத் திறந்து எதையாவது கிளறினால், தங்கை அதற்கப்புறம் இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்து வழி முழுக்க அதையே மனப்பாடம் செய்துகொண்டு போனாள்.

ரெஸ்டாரண்ட் ஒரு துணிக்கடைக்கும் பல் டாக்டர் கிளினிக்குக்கும் நடுவில் இருந்தது. தங்கைதான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாளாம். உள்ளே நல்ல குளிர்ச்சி, மர மேஜைகள், சுவரில் வட்ட வட்டமாகக் கண்ணாடிகள். கூட்டம் ஓரளவுக்கு இருந்தது. இவர்களுக்குக் கிடைத்தது சமையலறைக் கதவை ஒட்டிய மேஜை. கதவு இரண்டு பக்கமும் ஆடுகிற ரகம். ஒவ்வொரு முறை ஆடும்போதும் உள்ளே இருந்து ஒரு சூடும் பாத்திரச் சத்தமும் வந்து முகத்தில் அடித்துவிட்டுப் போயின. ஜன்னலோரம் இரண்டு நல்ல மேஜை காலியாகக் கிடக்க, இங்கே கொண்டுவந்து ஏன் உட்காரவைத்தார்கள்? பூதக்கண்ணாடி கேட்கவில்லை. மனதுக்குள் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டாள்.

தங்கையின் கணவரை அந்தக் குடும்பத்தில் எல்லாரும் மாப்பிள்ளை என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். தலை நரைத்தாலும் அந்தப் பட்டம் போகாது. அச்சகத்தில் பைண்டிங் பிரிவுக்கு அவர்தான் சூப்பர்வைசர். தங்கமான மனுஷர், சாது, ஏதாவது கேட்டால் பதிலுக்கு முன்னால் ஒரு சிரிப்பு வரும். இஸ்திரி போட்ட சட்டையில் கழுத்துப் பொத்தான் வரைக்கும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கை மேஜைமேல் இருந்தது. எந்நேரமும் நகக்கண்ணில் காய்ந்த பசையோடு இருக்கும் கை அது. தங்கை கல்யாணப் போட்டோவிலேயே அந்தப் பசை தெரியும். இன்றைக்கு நகங்கள் கழுவி வைத்த மாதிரி இருந்தன. விரல் நுனிகள் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன. இரண்டாவது கோடு.

உட்கார்ந்து வெகுநேரமாகியும் ஒருத்தரும் வரவில்லை. வராதது ஆச்சரியமில்லை, வராத விதம்தான் ஆச்சரியம். கொண்டை போட்ட ஒரு சர்வர் பெண் பக்கத்து மேஜைக்கு வந்து சிரித்தாள், தண்ணீர் ஊற்றினாள், குழந்தையைக் கொஞ்சினாள். இவர்களைத் தாண்டும்போது மட்டும் கழுத்தை வெடுக்கென்று சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நெட்டையாக ஒருத்தன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். நேரே வந்தால் நாலு எட்டு, அவனோ மூன்று மேஜையைச் சுற்றிக்கொண்டு போனான். கல்லாவில் இருந்த மேனேஜர் இவர்கள் கை தூக்கினால் உடனே விட்டத்தைப் பார்த்தார். பார்க்காமல் இருப்பது வேறு, பார்க்காமல் இருக்கப் பாடுபடுவது வேறு. மூலை மடங்காத பெட்டியைக் கண்டால் வரும் அதே அரிப்பு பூதக்கண்ணாடிக்கு உள்ளங்கையில் வந்தது.

ஒருவழியாகக் கொண்டைக்காரி வந்தாள். என்ன வேண்டும் என்று மேஜைமேல் இருந்த உப்புக் குப்பியிடம் கேட்டாள். மாப்பிள்ளையும் உப்புக் குப்பியிடமே பதில் சொன்னார். சூப் ஆறி அவலாக வந்தது. கேட்ட மீன் வரவில்லை, கேட்காத கோழி வந்தது. அதைத் திருப்பி அனுப்பினால், சோறு தீர்ந்த பிறகு மீன் வந்தது. தண்ணீர் மட்டும் வரவே இல்லை. கேட்கும்போதெல்லாம் "இதோ" என்று ஒரு குரல் வரும்; குரலோடு சரி. காலி கிளாஸ்கள் மூன்றும் மேஜையில் உப்புக்குச் சப்பாணியாக நின்றன. தங்கைக்குக் காரம் தாங்காது. கண்ணில் நீர் முட்ட முட்டச் சாப்பிட்டாளே தவிர வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளைக்கும் கோபம் வரவில்லை. கல்யாண நாளன்று பெண்டாட்டிக்கு ஒரு வாய் தண்ணீர் கிடைக்கவில்லை, இந்த மனுஷர் நெளிகிறாரே ஒழியக் கேட்க மாட்டேன் என்கிறாரே என்று பூதக்கண்ணாடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கை சும்மா இருக்க முடியாமல் மெனு அட்டையை எடுத்தாள். மற்றவர்கள் மேலே இருந்து கீழே வாசிப்பார்கள். அவள் கீழே இருந்துதான் ஆரம்பிப்பாள். அட்டையின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில், பில்லோடு பத்து சதவீதம் சேவைக் கட்டணம் சேர்க்கப்படும் என்று போட்டிருந்தது. வழியெல்லாம் செய்த மனப்பாடம் அந்த நிமிஷமே மறந்து போயிற்று.

"இதப் பாருடி. கவனிச்சதுக்குக் காசாம். யாரு யாரைக் கவனிச்சா? நாமதான் உக்காந்து இவங்களைக் கவனிச்சிட்டிருக்கோம். அவங்கதான் நமக்குக் குடுக்கணும். பில் வரட்டும், நான் பாத்துக்கிறேன்."

மாப்பிள்ளை பதறிப்போனார். "விடுங்கக்கா, போகட்டும். அது முதலாளிக்குப் போறதில்லை. பரிமாறுறவங்க, பாத்திரம் கழுவுறவங்க எல்லாருக்கும் பிரிச்சுக் குடுக்கிறதுதான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும் மாப்பிள்ளை?"

அவர் கிளாஸை எடுத்துக் குடித்தார். அது காலி கிளாஸ்.

மேஜைக்கு அடியில் தங்கை தொடையைக் கிள்ளப் போகிறாள் என்று பூதக்கண்ணாடி எதிர்பார்த்தாள். சின்ன வயதில் இருந்து அதுதான் வழக்கம். கிள்ளு விழவில்லை. "உன் இஷ்டம்க்கா" என்றாள் தங்கை. சொன்னபோது அவள் அக்காவைப் பார்க்கவில்லை, புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோடுகள் இப்போது ஒரு கைக்கு மேலே போய்விட்டன.

அப்போதுதான் அது நடந்தது. நெட்டையன் அடுக்கிய தட்டுகளோடு மாப்பிள்ளையின் முதுகுப் பக்கமாக வந்தான். வந்தவன் "பின்னால!" என்று ஒரு குரல் கொடுத்தான். சூடான பாத்திரத்தோடு ஓடுகிற இடங்களில், தாண்டிப் போகிறவன் கொடுக்கும் குரல் அது. சாப்பிட வந்த சகோதரிகள் இரண்டு பேருக்கும் தூக்கி வாரிப் போட்டது. திரும்பிப் பார்த்ததில் தங்கையின் தோளில் தட்டு உரசிக் குழம்பு சிந்தியது. மாப்பிள்ளை திரும்பவே இல்லை. ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர், சொல்லை நிறுத்தாமலேயே இடது தோளை ஒடுக்கி, முழங்கையை விலாவோடு சேர்த்து, தட்டு போக வழிவிட்டு, மறுபடி பழையபடி உட்கார்ந்தார். தான் அப்படிச் செய்ததே அவருக்குத் தெரியவில்லை.

பூதக்கண்ணாடியின் வாய் தானாக மூடிக்கொண்டது. இந்த இடம் இவருக்குப் பழக்கம். ஒரு நாள் இரண்டு நாள் பழக்கம் இல்லை, உடம்பில் ஏறிய பழக்கம். அச்சகத்து மனுஷருக்கு இங்கே என்ன பழக்கம்? கொண்டைக்காரி ஏன் இவரைப் பார்க்காமல் உப்பைப் பார்த்தாள்? அடப்பாவி, இப்படியா என்று நினைத்தாள். அந்தக் கொண்டைக்கு இந்தச் சாது மனுஷர் விழுந்துவிட்டாரா? பெண்டாட்டியையும் அவளையும் ஒரே கூரைக்கடியில் வைத்துச் சாப்பாடு போடுகிற அளவுக்குத் துணிச்சலா? கிளி மாதிரித் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை கை கழுவி வருகிறேன் என்று எழுந்தார். கை கழுவும் இடம் எங்கே என்று யாரிடமும் கேட்கவில்லை. பக்கவாட்டு நடையில் ஒரு ஓடு பெயர்ந்து நின்றது. கீழே பார்க்காமலேயே அதைத் தாண்டிக் கால் வைத்தார். அவர் போன கொஞ்ச நேரத்தில் கொண்டைக்காரியும் அந்தப் பக்கம் போனாள். பூதக்கண்ணாடி எழுந்தாள். கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்ற வெறியில் போனவள் அந்தப் பெயர்ந்த ஓட்டில் இடறி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை கழுவும் தொட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு மரத் தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் பேச்சு.

"சரியாப் பண்ணினோமாண்ணே? நீங்க சொன்ன மாதிரியே தெரிஞ்ச ஆள்னு காட்டிக்கவே இல்லை." கொண்டைக்காரியின் குரல்.

"தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்கன்னுதானேம்மா சொன்னேன். தண்ணி குடுக்காதீங்கன்னா சொன்னேன்?"

"பக்கத்துல வந்தா வாய் தவறி அண்ணேன்னு வந்துடுமோன்னு பயம். நெட்டையனுக்கு அதைவிடப் பயம். அதான் யாருமே கிட்ட வரலை."

மாப்பிள்ளை பெருமூச்சு விட்டார். "அக்கா சர்வீஸ் சார்ஜ் கட்ட மாட்டேன்னு நிக்கிறாங்க. என்னால உங்க பங்கெல்லாம் போகுது."

"உங்க பங்கும்தானேண்ணே. அது கிடக்கட்டும். வீட்ல எப்பதான் சொல்லப் போறீங்க?"

குழாயை மூடும் சத்தம் கேட்டது. "வேற நல்ல வேலையாக் கிடைச்சதும் சொல்லிடலாம்னுதான் இருக்கேன். அச்சகத்தை மூடிட்டாங்கன்னு சொல்ல வாய் வரலைம்மா. தினமும் நினைச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போறேன். அவ சோறு போட்டுட்டு, இன்னைக்கு அச்சகத்துல வேலை ஜாஸ்தியாங்கன்னு கேப்பா. ஆமான்னுடுவேன்."

பூதக்கண்ணாடி கையில் சோப்புடன் அப்படியே நின்றாள். முதலில் வந்தது நிம்மதி. அடுத்தாற்போல், கொண்டைக்காரியைப் பற்றி நினைத்ததற்கு வெட்கம் வந்தது; அந்தப் பெண்ணோ அண்ணன் அண்ணன் என்று உயிரை விடுகிறாள். மூன்றாவதாக வந்ததுதான் பெரிய கஷ்டம். வாழ்நாளெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடித் தேடிக் கண்டுபிடித்தவள், கண்டுபிடித்ததை என்ன செய்வது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. சத்தமாக வாசிப்பாள், அதோடு அவள் வேலை முடிந்தது. இதை எங்கே போய் வாசிப்பது? சர்வீஸ் சார்ஜுக்குச் சண்டை போட்டால் மேனேஜர் வருவார், யார் பரிமாறினார்கள் என்று கேட்பார், கொண்டைக்காரியும் நெட்டையனும் வந்து கையைப் பிசைவார்கள், மாப்பிள்ளைக்குத் தாங்காது, குட்டு உடையும். கல்யாண நாளும் அதுவுமாகத் தங்கையின் தலையில் இடி விழும். இடி இறக்கியவள் அக்கா. பிஸ்கட் டப்பாவே ஒன்றரை வருஷம் என்றால் இதற்கு எத்தனை வருஷம்?

கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். மாப்பிள்ளையும் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவர் கை தன் போக்கில் எச்சில் தட்டுகளின் மிச்சத்தை ஒன்றில் வழித்து, பெரியது கீழே சிறியது மேலே என்று அடுக்கி, கரண்டிகளை ஒரு பக்கமாகச் சேர்த்தது. பூதக்கண்ணாடி பார்வையை ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டாள். பார்க்காமல் இருக்கப் பாடுபடுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

பில்லை மேனேஜரே கொண்டுவந்தார். எல்லாம் திருப்தியாக இருந்ததா என்று கேட்டார். கேட்கும்போது அவரும் உப்புக் குப்பியைத்தான் பார்த்தார்.

"அக்கா ஏதோ சொல்லணும்னாளே" என்றாள் தங்கை.

எடுத்துக் கொடுக்கிற மாதிரி இருந்தது அது. பூதக்கண்ணாடி பில்லைப் பார்த்தாள். சேவைக் கட்டணம் கடைசி வரியில் கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது. ஆறிய சூப், வராத தண்ணீர், தங்கையின் தோளில் காய்ந்துகொண்டிருந்த குழம்பு எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு அவற்றை விழுங்கினாள்.

"ஒண்ணுமில்லைங்க. நல்லா கவனிச்சீங்க. பில்லை முழுசா கட்டிடுங்க மாப்பிள்ளை."

கதவோரம் நின்ற நெட்டையன் கையிலிருந்து ஒரு கரண்டி கீழே விழுந்தது. மாப்பிள்ளை பர்ஸைத் திறந்த கையோடு உறைந்துபோனார். தங்கை அக்காவையே பார்த்தாள். பெரிய சண்டையில் இருந்து தப்பித்தவள் முகம் இப்படியா இருக்கும்? கையில் இருந்த கடைசிப் பிடியும் நழுவிப் போன மாதிரி அவள் முகம் விழுந்துவிட்டது.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை, குடையை விட்டுவிட்டேன் என்று சொல்லி மறுபடி உள்ளே ஓடினார். அவர் குடை கொண்டுவரவே இல்லை. பூதக்கண்ணாடி சொல்லவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. அக்காவும் தங்கையும் துணிக்கடை நிழலில் ஒதுங்கினார்கள்.

"ஏன்க்கா சண்டை போடலை?" என்றாள் தங்கை.

"உனக்காகத்தான்டி. இனிமே உன் விஷயத்துல வாயே திறக்கறதில்லைன்னு..."

"உன்னை எதுக்குக் கூட்டிட்டு வந்தேன்னு நினைச்சே? சண்டை போடத்தான்."

பூதக்கண்ணாடிக்கு ஒன்றும் புரியவில்லை. தங்கை முந்தானையால் தோளில் இருந்த கறையைத் தேய்த்துக்கொண்டே, யாரிடமோ சொல்வது மாதிரிச் சொன்னாள். சட்டையைத் துவைக்கிறவள் அவள்தானே. பல மாசமாகப் பசை வாசனையே இல்லை, எண்ணெய் வாசனைதான். அச்சகத்துக்கு ஒரு நாள் போய்ப் பார்த்திருக்கிறாள், பூட்டித் தூசி படிந்து கிடந்தது. சட்டைப் பையில் இந்தக் கடைப் பெயர் போட்ட பல்குச்சி உறை கிடைத்ததும் இங்கே வந்து எதிர்ப்பக்கம் நின்றிருக்கிறாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் தட்டு தூக்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், அன்றைக்கும் சோறு போட்டு, அன்றைக்கும் அச்சகத்தைப் பற்றி விசாரித்திருக்கிறாள்.

"அப்பவே கேக்க வேண்டியதுதானேடி?"

"எப்படிக்கா கேக்கறது? நான் கேட்டா, இத்தனை நாளும் நான் நம்பலைன்னு ஆயிடும். மனுஷன் ஒடைஞ்சு போயிடுவார். நீ கேட்டா அவருக்கு வலிக்காது. நீ யாரையும்தான் நம்ப மாட்டியே."

அது குத்துவதற்காகச் சொன்னது இல்லை. பகலைப் பகல் என்கிற மாதிரிச் சொன்னாள். அதனால்தான் அப்படிக் குத்தியது. சமாதானத்துக்குக் கூப்பிட்டாள் என்றல்லவா தலையைச் சீவிக்கொண்டு வந்தாள்? ஒரு வேலைக்காகக் கூப்பிட்டிருக்கிறாள். ஊரில் வேறு யாராலும் ஆகாத ஒரு வேலைக்கு. அவளோ, ஆயுளில் முதல் தடவையாகப் பெருந்தன்மை என்று நினைத்து, அந்த வேலையைச் செய்யாமல் எழுந்து வந்துவிட்டாள். அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டில் கோபம் அவளுக்குக் கைவந்தது, அதையே எடுத்துக்கொண்டாள்.

"வா உள்ள" என்று தங்கையின் கையைப் பிடித்தாள்.

அதே மேஜையில் போய் உட்கார்ந்தாள். தங்கையையும் உட்காரவைத்தாள். சமையலறைக் கதவோரம் மாப்பிள்ளை, கொண்டைக்காரி, நெட்டையன், மேனேஜர் எல்லாரும் கூடி நின்றார்கள். இவளைக் கண்டதும் நாலு பேரும் நாலு திசையைப் பார்த்தார்கள். பூதக்கண்ணாடி மேனேஜரைக் கூப்பிட்டாள். குரலை உயர்த்தவில்லை, அவளுக்கே அது புதுசு.

"சர்வீஸ் சார்ஜ் கட்டியாச்சுங்க. தண்ணிதான் இன்னும் வரலை."

கொண்டைக்காரி பாய்ந்து போய் ஜாடியை எடுத்தாள்.

"நீ இரும்மா. உன்மேல குறை ஒண்ணுமில்லை." பூதக்கண்ணாடி மாப்பிள்ளையைப் பார்த்தாள். "அவர் கொண்டு வரட்டும்."

கதவு ஆடி நின்றது. மாப்பிள்ளை முதலில் அக்காவைப் பார்த்தார், பிறகு பெண்டாட்டியைப் பார்த்தார். பதிலுக்கு முன்னால் வரும் அந்தச் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை. தங்கை தன் காலி கிளாஸை மேஜை விளிம்புக்கு மெதுவாக நகர்த்தி வைத்தாள்.

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். ஜாடியின் கழுத்தில் துணியைச் சுற்றினார். வந்து, வலது பக்கமாக நின்று, ஒரு சொட்டு மேஜையில் விழாமல் கிளாஸை முக்கால் அளவுக்கு நிரப்பினார். அவ்வளவு சுத்தமான வேலை. அந்த மேஜைக்கு அன்றைக்கு நடந்த முதல் கவனிப்பு அதுதான்.

தங்கை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். காரத்துக்குத்தான் குடித்தாள் என்று சொல்ல முடியாது.

"எனக்குத் தெரியுங்க" என்றாள். "ரொம்ப நாளாவே தெரியும். இங்க வந்து உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. அச்சகத்தை மூடிவிட்டார்கள் என்று, அத்தனை மாசமாக வாயில் வராத அந்த வாக்கியத்தை, ஜாடியைப் பிடித்துக்கொண்டே சொன்னார். சொல்லி முடித்ததும் கண்ணீர் வந்தது. தங்கை அவர் கையில் இருந்து ஜாடியை வாங்கி வைத்துவிட்டு, சட்டையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். எண்ணெய்க் கறை போகிறதுக்கு வேற சோப்பு வாங்கணும், சொல்லியிருந்தால் அப்போதே வாங்கியிருப்பேனே என்று திட்டினாள். திட்டிக்கொண்டே அவளும் அழுதாள்.

மற்ற இரண்டு கிளாஸையும் பூதக்கண்ணாடியே நிரப்பினாள். தன்னுடையதை எடுத்து, குடிக்கும் முன் வெளிச்சத்தில் தூக்கித் தூசி இருக்கிறதா என்று பார்த்தாள். தங்கை அந்த அழுகையோடே அதைப் பார்த்துவிட்டாள். மேஜைக்கு அடியில் கை வந்து அக்காவின் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளியது. நன்றாக வலித்தது. பூதக்கண்ணாடி காலை நகர்த்திக்கொள்ளவில்லை.

நெட்டையன் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு கதவைத் தள்ளி வந்தான். இந்த முறை சுற்றிப் போகவில்லை, நேரே இவர்கள் முதுகுப் பக்கமாகவே வந்தான்.

"பின்னால!" என்றான்.

மூன்று பேரும் திரும்பிப் பார்க்காமல் தோளை ஒடுக்கிக்கொண்டார்கள்.